என் பட்டறையில் மட்டும் ஒழுங்காக ஓடிய கார்

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் குமிழை ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன். கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அது மூன்றாவது நாள் காலை. முந்திய இரண்டு நாள் காலையிலும் இதே கதைதான். திண்டுக்கல் பழனி ரோட்டில் இருந்த என் பட்டறை வாசலில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காரின் சொந்தக்காரர் ரெங்கராஜ். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்புகிற வியாபாரி. இன்னொருவர் அந்தக் காரைப் பதினாறு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்த மைதீன் பாய்.

எதிரே டீக்கடை. பெஞ்சில் நாலைந்து லாரி டிரைவர்கள். பக்கத்து டயர் கடைக்காரரும் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தால் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும். இன்றைக்கும் அந்தப் புத்தி போகவில்லை.

“என்ன பாண்டி, என்ன சொல்ற?” என்று கேட்டார் ரெங்கராஜ்.

பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“வண்டியில ஒண்ணும் இல்ல மொதலாளி. கோளாறு ஆளுலதான்.”

மைதீன் பாய் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சும்மா பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கார் ஷெட்டின் சாவியை எடுத்து பானட்டின் மேல் வைத்தார். தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பேகம்பூர் பக்கமாக நடந்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் பானட்டின் மேல் சாவி கிடுகிடுவென்று ஆடியது. கீழே விழுவதற்குள் நான்தான் அதைப் பிடித்து முதலாளி கையில் கொடுத்தேன்.

பழனி வாசகர் கேட்ட கேள்வி

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பழனியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். கொங்குப் பக்கத்து மரியாதையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் குத்தல் குத்தல்தான். “ஏனுங்க, வாராவாரம் எல்லா வண்டியவும் நீங்களே சரி பண்ணுன மாதிரியே எழுதறீங்களே, ஒரு வண்டியாச்சும் நீங்க கெடுத்ததில்லீங்களா?”

கெடுத்திருக்கிறேன், ஐயா. ஒரு வண்டியைக் கெடுத்தேன். அதோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயமே வேண்டியதில்லை.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது முப்பது வயதுக்குள். கார், லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் வயரிங் வேலை செய்கிற ஆட்டோ எலக்ட்ரீசியன் நான். பட்டறை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, மேலே நாலு தகரம், கீழே ஆயில் குடித்துக் கறுத்த மண். பின்சுவரில் வரிசையாக ஆணிகள். ஒரு ஆணியில் ஸ்பானர், ஒன்றில் பழைய வயர்க் கட்டு, ஒன்றில் என் சட்டை. கடைசி ஆணி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வாய் மட்டும் எனக்குப் பட்டறையை விடப் பெரிசு. ஒரு வண்டியின் கோளாறைப் பத்து நிமிடத்தில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கும். தெரியவில்லை என்ற சொல்லை நான் அந்த வயதில் வாயால் உச்சரித்ததாக ஞாபகமே இல்லை.

மீட்டர் எதுவும் வேலை செய்யாத கார்

ரெங்கராஜின் கார் பழைய அம்பாசடர். அவர் வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. வெள்ளை என்று பேர். சின்னாளப்பட்டிப் புழுதி ஏறி ஏறி, நீர்மோர் நிறத்துக்கு வந்திருந்தது. பின்சீட்டில் எப்போதும் சேலைக் கட்டுகள் இருக்கும். கதவைத் திறந்தால் கஞ்சிப் பசையும் சாயமும் கலந்த புதுத்துணி வாசனை குப்பென்று அடிக்கும்.

அந்தக் காரில் மீட்டர் என்ற பெயரில் இருந்த எதுவும் வேலை செய்யாது. பெட்ரோல் முள் பாதியில் நின்றிருக்கும். கிலோமீட்டர் காட்டுகிற எண்கள் எப்போதோ உறங்கிவிட்டன. “பாய்தான் என் மீட்டர்” என்பார் ரெங்கராஜ். அது உண்மை. வண்டி எவ்வளவு ஓடியது, எவ்வளவு குடித்தது என்பதெல்லாம் மைதீன் பாய்க்கு மனக்கணக்கு. வண்டியைத் தினம் கழுவுவார். ஒரு திருகாணி தளர்ந்தால்கூடச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

ரெங்கராஜின் வீடு இருந்த சந்தில் கார் நுழையாது. அதனால் இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அதன் சாவி மைதீன் பாயிடம்தான் இருக்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, பேகம்பூரில் இருந்த வீட்டுக்கு நடந்து போவார். காலையில் வந்து எடுப்பார்.

ராஜாமணியம்மாளின் எலுமிச்சம்பழம்

ரெங்கராஜின் மனைவி ராஜாமணியம்மாளுக்குக் கார் என்றால் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் முகப்புக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கரித்துண்டும் கோத்த திருஷ்டிக் கயிற்றைப் புதிதாக மாட்டுவார். முன்பக்கக் கிரில்லிலிருந்து அது நம்பர் பிளேட்டுக்கு மேலே தொங்கும்.

ஒரு ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிகளும் என் பட்டறைக்கு வந்திருந்தன. பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராஜாமணியம்மாள் முகம் வாடியிருந்தது. கேட்டேன்.

“நூலு அறுந்து அறுந்து பழம் ரோட்டுல விழுந்துருது அப்பு. விழுகுற அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது” என்றார்.

“அம்புட்டுதானம்மா? இனிமே அறாது, பாருங்க.”

கையில் கட்டுக்கம்பி இருந்தது. கட்டடக்காரர்கள் இரும்புக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கம்பி. பிளையரால் இரண்டாக முறுக்கி ஒரு கொக்கி செய்தேன். கிரில்லுக்குப் பின்னால் கைவிட்டு, ஹாரன் மாட்டியிருக்கும் போல்ட்டில் ஒரு முனையை வளைத்து மாட்டினேன். இன்னொரு முனையை வெளியே வளைத்து விட்டேன். வாராவாரம் பழத்தை மட்டும் மாற்றிக் கோத்துக்கொள்ளலாம்.

“நல்லா இருப்ப அப்பு” என்று ராஜாமணியம்மாள் என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். அன்றைக்குப் பூராவும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமைச் சங்கடம்

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாயங்காலம் நல்லபடியாக ஓடி வந்து ஷெட்டில் நிற்கும். காலையில் குமிழை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரியில் உயிர் இருக்காது. தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும்.

மைதீன் பாய் என்னிடம் கொண்டுவந்தார். டைனமோவைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பாட்டரிக்குச் சார்ஜ் போகும் வழியில் இருக்கும் கட்அவுட் பெட்டியை மாற்றினேன். பாட்டரியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றி மாட்டினேன். வண்டி போயிற்று. அடுத்த வாரம் திரும்பி வந்தது.

“சனி, ஞாயித்துலதான் தம்பி ரொம்ப மோசமா இருக்கு. வியாழக்கெழம வாக்குல கொஞ்சம் தேவல” என்றார் மைதீன் பாய்.

“வண்டி என்ன காலண்டர் பாக்குமா பாய்?” என்று சிரித்தேன். டீக்கடையும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கோளாறின் முகவரியை அவர் எழுதி என் கையில் கொடுத்தார். நான் அதைக் கசக்கி எறிந்தேன்.

மூன்றாவது தடவை ரெங்கராஜே கூட வந்தார். சின்னாளப்பட்டியில் தறிக்காரர்கள் காத்திருக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்ததில் அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. நான் ஒரு யோசனை சொன்னேன். மூன்று நாள் வண்டி என் பட்டறையிலேயே கிடக்கட்டும். ஷார்ட் எங்கேயாவது இருந்தால் காலையில் பாட்டரி செத்திருக்கும். இல்லையென்றால் வண்டியில் கோளாறு இல்லை.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்.

மூன்று நாளும் கார் கும்மென்று கிளம்பியது. அப்படியானால் ஷெட்டில் மட்டும் ஏன் சாகிறது? ஷெட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? ராத்திரியில் வண்டியை வெளியே எடுத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு யாராவது வாடகைக்கு ஓட்டினால் பாட்டரி போகுமா, போகாதா? இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோளாறு ஆளுலதான் என்ற ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது.

பொட்டலம்

டீக்கடையில் சொன்ன சொல் பஸ் ஸ்டாண்டு கார் ஸ்டாண்டுக்குப் போய்ச்சேர ஒரு மத்தியானம் போதும். சாவியை வைத்துக்கொண்டு முதலாளி வண்டியைத் திருட்டு வாடகைக்கு ஓட்டியவர் என்று பேராகிவிட்டது. டிரைவருக்குக் கை கால் போனால்கூட இரக்கப்பட்டு ஏதாவது வேலை கொடுப்பார்கள். இந்தப் பேர் வந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவிட மாட்டார்கள்.

ஒரு நாள் பேகம்பூர் வழியாகச் சைக்கிளில் போனேன். மைதீன் பாயின் மச்சான் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கடையின் ஓரத்தில் உட்கார்ந்து மைதீன் பாய் பழைய பேப்பரில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். அவர் கை நீளமான கை. ஸ்டியரிங்கின் மேல் அது எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையில் சீரகப் பொட்டலம். நான் சைக்கிளைத் திருப்பி வேறு வழியாகப் போய்விட்டேன்.

தப்புச் செய்தவர்தானே, நாம் என்ன செய்ய முடியும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது ஒட்டவில்லை.

வத்தலக்குண்டு வெயில்

மைதீன் பாய் போய் மாதம் ஒன்று தாண்டியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டயர் கடைக்குப் போன் வந்தது. பேசியவர் ரெங்கராஜ். வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் கார் கிளம்பாமல் நிற்கிறதாம். உடனே வரச் சொன்னார்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. பாய்தான் இப்போது இல்லையே?

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்களுக்கு ஒரே நெரிசல். நீந்தித்தான் வெளியே வந்தேன். கல்யாண வீட்டு வேப்பமரத்தடியில் கார் நின்றது. பக்கத்தில் புது டிரைவர் சேகர், ரெங்கராஜுக்கு உறவுக்காரப் பையன், சட்டையெல்லாம் வேர்வையாக நின்றான்.

“பாட்டரி செத்துச் செத்து நோஞ்சானாப் போச்சுண்ணே, இப்ப கொஞ்ச நேரம் நின்னாலே எடுக்க மாட்டேங்குது. நான் வந்ததுலருந்து வாரத்துக்கு நாலு நாள் தள்ளுறதுதான்” என்றான்.

“ஏலே, என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“மொதலாளிதான் வேணாம்னுட்டாரு.”

ரெங்கராஜ் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷனை விரட்டிவிட்ட பிறகும் கோளாறு அப்படியே இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

பானட்டைத் திறந்தேன். வழக்கம்போல முதலில் கிரில்லில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைக் கழற்றக் கை நீட்டினேன்.

அந்தக் காலி ஆணியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எந்த வண்டி வந்தாலும் நாங்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். சாமிக்கு வைத்துக் கட்டியது, நம் ஆயில் கை படக் கூடாது, முட்டி இடிக்கக் கூடாது. எனவே கம்பியோ நூலோ, அப்படியே அலுங்காமல் கழற்றிக் கடைசி ஆணியில் மாட்டுவோம். வேலை முடிந்து வண்டி கிளம்பும்போது கண்ணில் ஒற்றித் திரும்ப மாட்டுவோம். எனக்கு இதில் பெருமை உண்டு. ராஜாமணியம்மாளின் பழத்தைக் கொக்கியோடு சேர்த்து எத்தனை தடவை அப்படி எடுத்து மாட்டியிருப்பேன்.

“அதத் தொடாத அப்பு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பட்டுச்சேலையில் ராஜாமணியம்மாள். “காலையிலதான் மாத்துனேன். பாதி வழியில கழட்டக் கூடாது.”

“கை அழுக்கும்மா. பழத்துல பட்டுரும்.”

“பட்டாப் பட்டுட்டுப் போகுது. கழட்டாத.”

அங்கே மாட்டுவதற்கு ஆணியும் இல்லை. சரி என்று விட்டுவிட்டேன். அந்தக் கார் என் கையில் அந்தப் பழத்தோடு சோதனைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஊதுவத்தி முனை

ஷார்ட் பிடிக்க எங்களுக்கு அன்றைக்கு இருந்த கருவி ஒரு சின்ன பல்பு. அதில் இரண்டு வயர். கல்யாண வீட்டில் நின்ற லாரியிலிருந்து ஒரு நல்ல பாட்டரியை வாங்கிக் காரில் வைத்தேன். பாட்டரியிலிருந்து வண்டிக்குப் போகும் வயரை மாட்டாமல், அந்த இடைவெளியில் பல்பை வைத்தேன். சாவி, விளக்கு, கதவு எல்லாம் அடைத்திருந்தால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

என் பட்டறையில் ஒரு தடவைகூட எரியாத பல்பு, வத்தலக்குண்டில் எரிந்தது. பிரகாசமாக இல்லை. அணையப்போகிற ஊதுவத்தி முனை மாதிரி, சிவப்பாக.

ஒரு பியூஸைப் பிடுங்கினேன். பல்பு அணைந்தது. மாட்டினேன், எரிந்தது. அந்த பியூஸிலிருந்து போகிற வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள் விளக்கின் வயரைக் கழற்றினேன், பல்பு எரிந்துகொண்டேயிருந்தது. ஹாரன் வயரைக் கழற்றினேன், அணைந்தது.

அதை மறுபடி மாட்டிவிட்டு, கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டேன். என் மணிக்கட்டு பட்டுப் பழம் லேசாக ஆடியது. அதோடு பல்பும் மினுங்கியது. பழத்தை ஒரு விரலால் தூக்கினேன். பல்பு அணைந்தது. விட்டேன். எரிந்தது.

குனிந்து பார்த்தேன். பழத்தின் கனம் என் கொக்கியைக் கீழே இழுத்து, ஹாரனுக்குப் போகிற வயரின் மேல் சாய்த்திருந்தது. பழைய வயர். மேல்தோல் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. வெள்ளிக்கு வெள்ளி தெளித்த மஞ்சள் தண்ணீரும் பழச்சாறும் துருவும் சேர்ந்து அங்கே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. நன்றாகத் தொட்டிருந்தால் பியூஸ் அன்றே போயிருக்கும், நானும் அன்றே பிடித்திருப்பேன். இது அந்த ஈரத்தின் வழியாகக் கொக்கிக்கும், கொக்கியிலிருந்து வண்டியின் இரும்புக்கும் கரண்டை ஒழுகவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, விடிய விடியப் பாட்டரியைக் குடித்திருக்கிறது. சனிக்கிழமை பழம் புதுசு, ஈரம் அதிகம். வியாழக்கிழமைக்குள் காய்ந்துவிடும். மைதீன் பாய் சொன்னதும் அதையேதான்.

மரியாதையாகக் கழற்றி ஆணியில் மாட்டியபோதெல்லாம் கோளாறையும் சேர்த்தே மாட்டியிருக்கிறேன். அந்த மூன்று நாளும்கூட அது ஆணியில்தான் தொங்கியது. போகும்போது கண்ணில் ஒற்றித் திரும்பக் கொடுத்திருக்கிறேன்.

“என்னடா கோளாறு?” என்றார் ரெங்கராஜ்.

“ஹாரன் வயர்ல லீக்கு மொதலாளி” என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ராஜாமணியம்மாளிடம் கெஞ்சிக் கேட்டுப் பழத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கொக்கியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதைச் சன்னல் வழியாக எறிந்திருந்தால் விஷயம் யாருக்கும் தெரிந்திருக்காது. செம்பட்டி தாண்டும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன், மறைப்பானேன். கையைப் பைக்குள் விடும்போதெல்லாம் சீரகப் பொட்டலம் மடித்த கை ஞாபகத்துக்கு வந்தது.

பேகம்பூர்

மறுநாள் காலையில் மச்சானின் மளிகைக் கடைக்குப் போனேன். மைதீன் பாய் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கொக்கியை வைத்தேன்.

“என்னது பாண்டி இது?”

“நான் போட்ட கொக்கி பாய். ஒங்க வேலைக்கு உலை வச்சது இதுதான். இது இல்ல, நான்தான்.”

முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார். ஆணியில் மாட்டிய கதைக்கு வந்தபோது கை நின்றது.

“அத நான் தொட்டதே இல்லப்பா” என்றார். “வண்டியக் கழுவுறப்பக்கூட அந்த எடத்த விட்டுட்டுத்தான் கழுவுவேன். அம்மா பூச பண்ணி மாட்டுனது, நம்ம கை பட வேணாம்னு. மத்தபடி அந்த வண்டியில நான் பாக்காத எடம் இல்ல.”

“நானும் மரியாதைக்குத்தான் பாய் கழட்டி வச்சேன்.”

அவர் சிரித்தார். “ரெண்டு பேரும் மரியாத பண்ணியே வண்டியக் கெடுத்திருக்கோம், போ.” பிறகு சிரிப்பு நின்றது. “வண்டி கெட்டுச்சு, சரி பண்ணிட்ட. என் பேரு?”

“மொதலாளிகிட்ட இப்பவே போயிச் சொல்றேன் பாய்.”

“மொதலாளிகிட்ட மட்டுமா சொன்ன? டீக்கட பூராவும் கேட்டுச்சேப்பா. ஏம் பொஞ்சாதி தண்ணி எடுக்கப் போன எடத்துல கேட்டுட்டு வந்து அழுதா. எந்த எடத்துல சொன்னியோ, அங்க நின்னு சொல்லு. அப்ப நான் வாரேன்.”

எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

அங்கிருந்து நேராக ரெங்கராஜ் வீட்டுக்குப் போய் அவர் காலில் விழாத குறையாகச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பதினாறு வருசம் பாண்டி. நீ சொன்னா என்ன, நான் அவர ஒரு வார்த்த நேராக் கேட்டிருக்கலாம்ல?” ராஜாமணியம்மாள் உள்ளே போய்விட்டார். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

அதே வாசல்

திங்கட்கிழமை காலை கார் மறுபடி என் பட்டறை வாசலில் நின்றது. ரெங்கராஜும் ராஜாமணியம்மாளும் வந்திருந்தார்கள். மைதீன் பாய் வெளுத்த சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். டீக்கடை நிறைந்திருந்தது. இந்தக் கூட்டத்தை நான்தான் முந்தின நாள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக் கூப்பிட்டிருந்தேன். கார் ஸ்டாண்டிலிருந்தும் மூன்று டிரைவர்கள் வந்திருந்தார்கள்.

அந்தக் கொக்கியைப் பழையபடி மாட்டிப் பழத்தைத் தொங்கவிட்டேன். பல்பை வைத்தேன். எரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கொக்கியை எடுத்தேன். அணைந்தது.

“இந்தக் கொக்கியப் போட்டது யாருடா?” என்று டயர் கடைக்காரர் கேட்டார்.

“நான்தாண்ணே” என்றேன்.

ராஜாமணியம்மாள் தட்டில் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார். கெட்டி நூலில் பழமும் மிளகாயும் கோத்தது. அதை எடுத்து மைதீன் பாயிடம் நீட்டினார்.

“நீங்க கட்டுங்க பாய். நீங்க பாக்காத எடம் அந்த வண்டியில இனி இருக்கக் கூடாது.”

மைதீன் பாய் தன் கைகளைப் பார்த்தார். டீக்கடைக் குழாய்க்குப் போய் இரண்டு கையையும் கழுவிக்கொண்டு வந்தார். கயிற்றை வாங்கி, வயர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து, பம்பரில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். இழுத்துப் பார்த்தார்.

“இப்ப பல்ப வையி பாண்டி.”

வைத்தேன். இருட்டாக இருந்தது. அவர் குனிந்து ரொம்ப நேரம் அந்த எரியாத பல்பையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அன்னைக்கி இதே எடத்துல ஒண்ணு சொன்னியே. இப்ப என்ன சொல்ற?”

என் குரல் அன்றைக்குப்போல ஏறவில்லை. முயற்சி செய்து ஏற்றினேன். எதிர்க்கடைக்குக் கேட்க வேண்டும்.

“அன்னைக்கிச் சொன்னதத்தான் பாய் இன்னைக்கும் சொல்றேன். வண்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு ஆளுலதான். அந்த ஆளு நான்.”

யாரும் சிரிக்கவில்லை. ரெங்கராஜ் சட்டைப் பையிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். மைதீன் பாய் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டார்ட்டர் குமிழை ஒரே ஒரு தடவைதான் இழுத்தார்.